நிறுவத் தேவையில்லாத பதிப்பு

ஜனவரி 8, திங்கள்

காஸ் சிலிண்டர் வந்த நாளும் குழாயில் தண்ணீர் வந்த நாளும் குறித்துவைக்க வாங்கிய நோட்டு இது. இன்றிலிருந்து இதில் ஜெபசிங்கைப் பற்றியும் எழுதப்போகிறேன். எழுதாவிட்டால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும்.

காலை பத்தரைக்குத் தாளாளர் பால்வண்ணன் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். பிப்ரவரி 24 பள்ளியின் வெள்ளி விழா. அதில் திரையிட அரை மணி நேர வீடியோ ஒன்று வேண்டுமாம். வீடியோ பேச்சு முடிந்ததும் மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே இன்னொன்றையும் சொன்னார்.

"பிள்ளையளு வருசா வருசம் கொறஞ்சுக்கிட்டே போகு. ஜூன்ல இருந்து உங்க ரெண்டு பேருல ஒருத்தரைத்தான் வெச்சுக்கிட முடியும். வரலாறுன்னா தமிழ் டீச்சரே சேத்து எடுத்திருவாவ. லேப்புன்னா தெரிஞ்சவங்க யாரும் பாத்துக்கிடலாம். இந்த வீடியோ எப்படி வருதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுதேன்."

ஜெபசிங் கணினி லேப் பொறுப்பாளர். வந்து நான்கு வருடம் ஆகிறது. நான் இங்கே இருபத்திரண்டு வருடமாக வரலாறு நடத்துகிறேன். அவன் "மூணு மாசம் ஆகும் சார்" என்று இழுத்து முடிப்பதற்குள் நான், "ஒன்றரை மாசம் போதும் சார், நான் முடிச்சுத் தாரேன்" என்றேன். போனில் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் படத்தை வெட்டி ஒட்டியதைத் தவிர எனக்கு இதில் வேறு அனுபவம் கிடையாது. அதை யாரும் கேட்கவில்லை.

மதியம் லேப்புக்குப் போய், வீடியோ எடிட் செய்யும் மென்பொருள் ஒன்றைப் போட்டுத் தரச் சொன்னேன்.

"லேப் சிஸ்டத்துல எதையும் இன்ஸ்டால் பண்ண முடியாது டீச்சர். அட்மின் பாஸ்வேர்டு வேணும்."

"போடுங்க."

"போட மாட்டேன்."

அவ்வளவுதான். கீ போர்டைத் துடைத்துக்கொண்டே சொன்னான், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஜெல் தடவிக் குத்திட்டு நிற்கும் அந்தத் தலை. முள்ளம்பன்றித் தலையன். என் வேலைக்கு உலை வைக்கத்தான் பாஸ்வேர்டை இறுக்கிப் பிடித்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியாதா?

ஜனவரி 10, புதன்

வழி கிடைத்துவிட்டது. நூலகப் பீரியடில் போனில் தேடினேன். இலவச எடிட்டர்களிலேயே 'போர்ட்டபிள்' என்று ஒரு பதிப்பு இருக்கிறதாம். நிறுவத் தேவையில்லை. பென் டிரைவில் அவிழ்த்து வைத்தால் போதும், எந்தக் கணினியில் செருகினாலும் ஓடும். அட்மினும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். பென் டிரைவைக் கழற்றிவிட்டால் கணினியில் தடமே மிஞ்சாது என்றும் போட்டிருந்தது.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் முப்பத்திரண்டு ஜி.பி. பென் டிரைவ் ஒன்று வாங்கி, அடையாள அட்டைக் கயிற்றிலேயே கோத்துக்கொண்டேன். கழுத்தில் தொங்குகிறது. பூட்டி வைத்துக்கொள்ளட்டும் அவன் பாஸ்வேர்டை.

ஜனவரி 11, வியாழன்

அவமானம். லேப் கணினியில் அந்த எடிட்டரை இறக்கப் போனேன். இணையப் பக்கத்தில் 'டவுன்லோட்' என்று ஐந்து பச்சைப் பொத்தான்கள். பெரிதாக இருந்ததை அழுத்தினேன். சிஸ்டம் முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை. ஒன்பதாம் வகுப்பு 'பி' முழுவதும் உட்கார்ந்திருக்கும்போது ஜெபசிங் தன் மேசையிலிருந்தே கத்தினான். "டீச்சர், அது எடிட்டர் இல்ல, வைரஸ்! அந்தப் பொத்தானெல்லாம் விளம்பரம்!"

பிள்ளைகள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 12, வெள்ளி

மென்பொருள் செய்தவர்களின் சொந்தப் பக்கத்துக்கே போய் இறக்கினேன். பன்னிரண்டாம் எண் கணினியில் பென் டிரைவைச் செருகினேன். ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருந்த ஐகானை இரண்டு முறை தட்டினேன். ஓடியது. கறுப்புத் திரை, கீழே வரிசை வரிசையாகக் கோடுகள், ஒரு பக்கம் வெட்டும் கத்திரி. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

ஜெபசிங் பின்னால் வந்து நின்று பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. "போர்ட்டபிளா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். கரும்பு கடிக்கப் பல் ஒத்துழைக்கவில்லை. வீடியோவை நினைக்கவே கூடாது என்று இருந்தேன், நினைக்கவில்லை. ஜெபசிங்கை நினைத்தேன்.

ஜனவரி 19, வெள்ளி

புரொஜெக்டர் லேப்பில்தான் இருக்கிறது என்பதால் ஒன்பதாம் வகுப்புக்கு அங்கேயே பாடம் எடுத்தேன். சோழப் பேரரசு. வரைபடத்தை மாட்ட அந்தச் சுவரில் ஒரே ஓர் ஆணி. அதில் ஏதோ நோட்டீஸ் பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கியது. படித்துக்கொண்டிருக்க நேரமில்லை, அதன் மேலேயே படத்தை மாட்டினேன்.

"டீச்சர், அது பிள்ளையளு பாக்கதுக்கு..." என்று ஆரம்பித்தான்.

"வகுப்பு முடிஞ்சதும் கழத்திருவேன்" என்றேன்.

மணி அடித்ததும் மறந்துவிட்டேன். படம் அங்கேயே இருக்கட்டும், அந்த அறைக்குக் கொஞ்சம் படிப்புக் களை வரும்.

ஜனவரி 24, புதன்

பன்னிரண்டாம் கணினியில் யாரோ உட்கார்ந்திருந்ததால் ஏழில் செருகினேன். வேலையைத் திறந்தால் பத்து நாள் செய்த அத்தனை துண்டுகளும் சிவப்பு. எல்லாவற்றிலும் 'கோப்பு இல்லை'. "என்ன பண்ணுனீங்க என் வீடியோவை?" என்று அவனிடம் கத்தினேன்.

வந்து பார்த்தான். எங்கோ இரண்டு இடத்தில் தட்டினான். எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

"ஃபைலு எங்கயும் போகல டீச்சர். அந்த சிஸ்டத்துல உங்க டிரைவுக்கு 'இ'ன்னு பேரு. இதுல 'எஃப்'. விலாசம் மாறிட்டு, அம்புட்டுதான். நீங்க சேவ் பண்ணுறது வெறும் விலாசம் எழுதின சீட்டு. வீடு அதுக்குள்ள கெடையாது. எதுன்னாலும் உங்க பென் டிரைவுலயே வைங்க. சிஸ்டத்துல வெச்சா..."

"எனக்குத் தெரியும்" என்றேன். சொன்ன விதம் பிடிக்கவில்லை. எனக்குப் புரியவா செய்யாது? அடிக்குறிப்பில் புத்தகத்தின் பெயர் இருக்கும், புத்தகம் அலமாரியில் இருக்கும். அலமாரி எரிந்தால் அடிக்குறிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதை நான் அவனுக்கு வகுப்பெடுப்பேன்.

ஜனவரி 26, வெள்ளி

கொடியேற்றத்தைப் போனில் எடுத்தேன். பாதி நேரம் என் கட்டைவிரல்தான் பதிவாகியிருக்கிறது.

பிப்ரவரி 2, வெள்ளி

தாளாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பென் டிரைவ் கொடுத்தார். பள்ளியைத் தொடங்கியவர் அவருடைய அம்மா. எல்லோரும் பெரியம்மா என்றுதான் சொல்வார்கள். இறந்து ஒன்பது வருடமாகிறது. முதல் ஆண்டு விழாவில் அவர் பேசிய டேப்பைப் போன மாதம் திருநெல்வேலியில் கொடுத்து வீடியோக் கோப்பாக மாற்றியிருக்கிறார். மாற்றி முடித்த கையோடு அந்த நாடா பூஞ்சை பிடித்துப் பொடிந்துவிட்டதாம்.

"வேற எங்கயும் இது கெடையாது டீச்சர். காப்பி எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்திருங்க. நீங்க செஞ்ச வரைக்கும் வீடியோவையும் அதுலயே போட்டுக் குடுங்க, வீட்டுல டி.வி.யில பாக்கேன்."

அவர் கண் கலங்கியது. நம்பிக்கையோடு என்னிடம்தான் கொடுத்தார், லேப் பொறுப்பாளரிடம் கொடுக்கவில்லை. ஜூன் மாதத்துக்கு இது நல்ல அறிகுறி.

பிப்ரவரி 6, செவ்வாய்

காலையில் தண்ணீர் வரவில்லை. முருங்கைக்கீரையை உருவி வைத்துவிட்டு வந்தேன், இவர் ஆய்ந்து வைப்பதாகச் சொன்னார், வைக்கவில்லை.

மதியத்துக்கு மேல் லேப். ஜெபசிங் தலைவலி என்று விடுப்பு. நிம்மதி. பெரியம்மாவின் வீடியோவை என் பென் டிரைவில் போட்டால், 'கோப்பு மிகப் பெரியது' என்கிறது. பாதி டிரைவ் காலியாகக் கிடக்கிறது, என்ன பெரியது? யாரிடம் கேட்பது? தாளாளரின் பென் டிரைவிலிருந்தே ஓட்டினால் விக்கி விக்கி ஓடுகிறது. கடைசியில் அதை அங்கிருந்து கட் செய்து டெஸ்க்டாப்பில் போட்டேன். சர்ரென்று ஓடியது. கட் செய்ததால் தாளாளரின் பென் டிரைவிலும் என் வீடியோவைப் போட இடம் கிடைத்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

பதினோரு நிமிடப் பேச்சு. அதில் முக்கால்வாசி, முதல் வருடம் சேர்ந்த அறுபத்து மூன்று பிள்ளைகளின் பெயரையும் பெரியம்மா ஒவ்வொன்றாக வாசிக்கிறார். பதினைந்து பெயருக்கு மேல் நான் வேகமாக ஓட்டிவிட்டேன். யார் உட்கார்ந்து கேட்பார்கள்? கடைசியில் சிரித்துக்கொண்டே நன்றி சொல்லும் நாற்பது விநாடியை மட்டும் வெட்டி எடுத்தேன். அழகாக இருக்கிறது. அதுவரை செய்ததை வீடியோவாக்கித் தாளாளரின் பென் டிரைவில் போட்டு அறையில் கொடுத்துவிட்டேன். கணினியை முறைப்படி அணைத்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுத்தான் வந்தேன். ஜெபசிங்கைப் போல அப்படியே போட்டுவிட்டு வரும் ஆள் அல்ல நான்.

பிப்ரவரி 7, புதன்

பெரியம்மாவைக் காணவில்லை. டெஸ்க்டாப் துடைத்து வைத்தது போல் இருக்கிறது. என் எடிட்டரில் அந்த ஒரு துண்டு மட்டும் சிவப்பு. பன்னிரண்டிலும் தேடினேன், ஏழிலும் தேடினேன். ஜெபசிங் காலை எட்டரைக்கே வந்து லேப்பைத் திறந்திருக்கிறான். எட்டரைக்கு அவனுக்கு அங்கே என்ன வேலை?

கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது கதை சொல்வான். நேராகத் தாளாளரிடம் போனேன்.

பிப்ரவரி 8, வியாழன்

தாளாளர் நேற்று வீட்டில் அந்தப் பென் டிரைவைப் போட்டுப் பார்த்திருக்கிறார். என் வீடியோ இருக்கிறது, அம்மா இல்லை. இன்று காலை அறைக்குள் போனபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

ஜெபசிங் நின்றுகொண்டிருந்தான். "லேப் சிஸ்டமெல்லாம் ஆஃப் பண்ணிப் போட்டா பழைய நெலமைக்கே வந்திரும் சார். பிள்ளையளு எதையும் கெடுத்திரக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்கு. டெஸ்க்டாப்புல வெச்சது எதுவும் மறுநாள் இருக்காது. நான் ஒண்ணும் அழிக்கல. டீச்சர் காப்பி பண்ணாம கட் பண்ணிருப்பாவ."

"கட்டுக்கும் காப்பிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?" என்றேன். "காப்பிதான் பண்ணுனேன். இப்ப ரெண்டு எடத்துலயும் இல்ல. அட்மின் பாஸ்வேர்டு யாரு கையில இருக்கு சார்?"

"சார், அந்தப் பென் டிரைவுல வேற எதையும் எழுதாம எங்கிட்ட குடுங்க. அழிஞ்சதை எடுக்க முடியுமான்னு பாக்கேன்" என்றான்.

"நீ இனி அதைத் தொடாத. வெளிய இரு" என்றார் தாளாளர்.

அவன் போன பிறகு என்னிடம் கேட்டார். "சிஸ்டத்துல எதையும் வைக்கக் கூடாதுன்னு செவத்துல நோட்டீஸ் மாட்டிருக்கேங்கான். இருக்கா டீச்சர்?"

"செவத்துல சோழர் படம்தான் தொங்குது சார்" என்றேன்.

அவர் எழுந்து போய் லேப் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தார். நான் பொய் சொல்லவில்லை. சுவரில் தொங்குவது சோழர் படம்தான்.

பிப்ரவரி 9, வெள்ளி

ஜெபசிங்கை நிறுத்திவிட்டார்கள். லேப்புக்குள் போகக் கூடாது என்று உத்தரவு. அவனுடைய மவுஸையும் டிபன் பாக்ஸையும் என்னையே எடுத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். வாசலில் வைத்துக் கொடுத்தேன். மவுஸ் வயரை நிதானமாகச் சுற்றிப் பைக்குள் வைத்தான்.

"சோழர் படத்தைக் கழத்துனீயளா டீச்சர்?" என்று கேட்டான்.

"வகுப்பு இன்னும் முடியல" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். வெயில் தாங்க முடியவில்லை. பிப்ரவரியிலேயே இப்படி.

பிப்ரவரி 12, திங்கள்

லேப் சாவியும் அட்மின் பாஸ்வேர்டு எழுதிய சீட்டும் என்னிடம் வந்துவிட்டன. இனி எதையும் நிறுவலாம். பெரிய எடிட்டரையே நிறுவலாம். ஏனோ கழுத்தில் கிடக்கும் போர்ட்டபிளைத்தான் செருகினேன். கை பழகிவிட்டது.

தாளாளரிடம் அவருடைய பென் டிரைவை மறுபடி வாங்கி, அதில் இருந்த என் பழைய வீடியோவிலிருந்து அந்த நாற்பது விநாடியை எடுத்துக்கொண்டேன். இன்றைய வீடியோவை அதே பென் டிரைவில் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

பிப்ரவரி 14, புதன்

தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்திலும் பிடித்து வைத்தாயிற்று.

பிப்ரவரி 17, சனி

கடையநல்லூர் பள்ளியில் ஜெபசிங் வேலை கேட்டுப் போயிருக்கிறான். அங்கிருந்து நம் அலுவலகத்துக்குப் போன் வந்திருக்கிறது. 'நிறுவனர் வீடியோவை வேணும்னே அழிச்சவன்' என்று சொல்லி வைத்துவிட்டார்களாம். எழுத்தர் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

தாளாளர் என்னிடம் எழுத்துமூலம் ஓர் அறிக்கை கேட்டிருக்கிறார். "எந்தத் தேதியில என்ன நடந்துச்சுன்னு வரிசையா எழுதிக் குடுங்க டீச்சர். அவனுக்கு அனுபவச் சான்று குடுக்காம இருக்கதுக்கு ஃபைல்ல ஒரு பேப்பர் வேணும்." திங்கட்கிழமைக்குள் எழுதித் தருவதாகச் சொன்னேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

தேதிகளைச் சரிபார்க்க இந்த நோட்டை எடுத்தேன். நினைவை நம்பி எழுதக் கூடாது, எழுதிவைத்ததைப் பார்த்து எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான்.

பிப்ரவரி 6. 'கடைசியில் அதை அங்கிருந்து கட் செய்து டெஸ்க்டாப்பில் போட்டேன்.'

என் கையெழுத்து. என் நீல மை. வேறு யாரும் எழுதவில்லை.

பத்து தடவை படித்தேன். 'காப்பி' என்பதற்குப் பதில் கை தவறி எழுதியிருக்கலாம் என்று கொஞ்ச நேரம் சொல்லிப் பார்த்தேன். அடுத்த வரியே என்னை விடவில்லை. கட் செய்ததால்தான் இடம் கிடைத்தது என்று பெருமையடித்து எழுதியிருக்கிறேன். ஜனவரி 24-ஐயும் புரட்டினேன். 'சிஸ்டத்துல வெச்சா' என்று அவன் தொடங்கியதும், நான் வாயை அடைத்ததும் இருக்கிறது. ஜனவரி 19-ம் இருக்கிறது.

கேவலமாக இருந்தது. எழுத உட்கார்ந்த வெள்ளைத் தாளில் தேதியை மட்டும் போட்டு மடித்து வைத்தேன். மீன் குழம்பு தீய்ந்துவிட்டது.

பிப்ரவரி 19, திங்கள்

தாளாளரிடம் சொல்லத்தான் போனேன். "சார், பெரியம்மா வீடியோ விசயத்துல ஒருவேளை என் பக்கமும்..." என்றேன்.

அவர் கையை உயர்த்தினார். "வேண்டாம் டீச்சர். அந்தப் பேச்சை எடுக்காதீங்க. எங்க அம்மா கொரலை இனி நான் எங்க போய்க் கேக்க? விழா முடியட்டும். பேப்பரை அப்புறம் குடுங்க. ஜூனைப் பத்திக் கவலைப்படாதீங்க, நீங்கதான்."

முயன்றேன். அவர்தான் கேட்கவில்லை.

பிப்ரவரி 21, புதன்

பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு. விடைத்தாள் முப்பத்தாறு. இன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 24, சனி

விழா. அரக்குப் பட்டு கட்டினேன். முடித்த வீடியோவைத் தாளாளரின் பென் டிரைவிலேயே போட்டுக் கணினியில் செருகியது நான்தான். வீடியோ எங்கும் நிற்காமல் ஓடியது. பெரியம்மா திரையில் சிரித்தபோது கூட்டம் எழுந்து கை தட்டியது. தாளாளர் மேடையிலேயே அழுதுவிட்டார். என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எண்ணூறு பேருக்கு முன்னால் நின்றேன்.

பிறகு மைக்கில் சொன்னார்: "எங்க அம்மா கையால சேத்த மொத வருசத்துப் பிள்ளையளு யாராவது வந்திருந்தா எந்திரிச்சு நில்லுங்க. உங்க பேரெல்லாம் அம்மா வாசிச்ச வீடியோ இருந்துச்சு. அதைத்தான் பாவி ஒருத்தன் அழிச்சிட்டான்."

முன் வரிசையில் நான்கு பேர் எழுந்தார்கள். எல்லோரும் அவர்களைப் பார்த்துக் கை தட்டினார்கள். மேடையிலிருந்து எனக்கு மட்டும் கேட் வரை தெரிந்தது. கேட்டுக்கு வெளியே, கம்பியைப் பிடித்தபடி ஜெபசிங் நின்றிருந்தார். கையை உயர்த்தினார். தோள் அளவுக்குத்தான். பிறகு இறக்கிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விருந்துக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

இதை ஜெபசிங்கின் வீட்டு முன்னறையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர்தான் எழுதச் சொன்னார்.

பதினோரு மணிக்கு வந்தேன். கதவைத் திறந்தவர் வாங்க என்று சொல்லவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

"எதுக்கு வந்தீய?"

பிப்ரவரி 6-ஐத் திறந்து நோட்டைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பிறகு முன்னால் புரட்டினார். "'முள்ளம்பன்றித் தலையன்'" என்று வாய்விட்டுப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆமா. அதுவும் இருக்கட்டும். அடிச்சுத் திருத்துனா இதுக்கு மதிப்பு இருக்காது" என்றேன்.

பிப்ரவரி 8-க்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டார். "நான் வெளிய நின்ன நேரத்துலயா இது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"மொத வருசத்துல நீங்களும் படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"யு.கே.ஜி.யில சேத்தாவ. ரெண்டு வருசம் படிச்சேன். அப்புறம் அப்பாவுக்கு மாத்தல்." நோட்டை என் பக்கம் நீட்டினார். "அன்னைக்குப் பெரியம்மா என் பேரைத் தப்பா வாசிச்சிட்டாவளாம். எங்க அம்மா கூட்டத்துல இருந்து எந்திரிச்சுக் கத்தி, அவங்க சிரிச்சிட்டு மறுபடி சரியா வாசிச்சாவளாம். அம்மா சாகுற வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பா. டேப்புல அம்மா கொரலும் விழுந்திருக்கும்லா? நாலு வருசமா சார்ட்ட கேட்டேன், டேப்பு எங்க கெடக்குன்னே தெரியலன்னாரு. நீங்க எடிட் பண்ணுதீயன்னு தெரிஞ்சதும் உங்ககிட்ட ஒரு காப்பி கேக்கலாம்னு இருந்தேன். எப்படிக் கேக்கதுன்னுதான் தெரியல."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அந்த நாப்பது செகண்டுல பேரு ஏதும் வருதா?"

"வரல. வெட்டிட்டேன்."

"முழுசாவாவது பாத்தீயளா? அந்த எடத்தை?"

"பதினஞ்சு பேருக்கு மேல ஓட்டிட்டேன்."

எழுந்து உள்ளே போனார். உள்ளே குழாய் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது.

"அந்தப் பென் டிரைவுல எதுவும் எழுதாம வெச்சிருக்கீயளா?"

"மூணு தடவை எழுதிட்டேன். நேத்தைக்கும் சேத்தா நாலு."

"இனி அதை எடுக்க முடியாது" என்றார்.

ஆறாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துத் தருவதாகச் சொன்னேன். "கிழிச்ச பக்கத்தை யாரு நம்புவா? நோட்டை முழுசாக் குடுங்க. நாளைக்குக் காலையில சார்ட்ட ஒரு தடவை காட்டணும், கடையநல்லூர்ல ஒரு தடவை காட்டணும். இன்னைக்கு நடந்ததையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க" என்றார்.

"மன்னிச்சிருங்கன்னு எழுதணுமா?"

"அது எனக்கு வேண்டாம் டீச்சர். தேதி போட்டு நடந்ததை எழுதுங்க, போதும்."

எழுதிவிட்டேன். கட் செய்தது நான். கணினியை அணைத்தது நான். நோட்டீஸ் இருந்தது, அதன் மேல் படத்தை மாட்டியதும் நான்தான். கேட்டபோது அதை மறைத்தேன். ஜெபசிங் எதையும் அழிக்கவில்லை. இதைத் தாளாளர் படித்த பிறகு ஜூன் மாதம் வரை காத்திருக்க மாட்டார் என்று தெரியும். இருபத்திரண்டு வருடம். பயமாக இருக்கிறது. இந்த ஆளின் மேல் எனக்கு இருக்கும் எரிச்சலும் முழுக்கப் போய்விடவில்லை, அவருக்கும் என் மேல் போகாது. எதிரே நின்று என் பேனா ஓடுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார், தேர்வு அறையில் நான் நிற்பதைப் போல.

லேப் சாவி இன்னும் என் பையில்தான் இருக்கிறது. நாளை முதல் மணி அடிப்பதற்கு முன்னால் போய்ச் சோழர் படத்தைக் கழற்றிவிடுவேன்.

சு. உலகம்மாள்,
வரலாற்று ஆசிரியை.